தேயிலைப் பெட்டியில் வரும் படம்போல ஆகாமல் அம்மாவை எப்படி எடுப்பது?

கேள்வி கேட்பவர்: ஹப்புத்தளை மழை

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். ஏ.எல்.இல் சித்திரம் ஒரு பாடமாகச் செய்தேன். இப்போது டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை. சேர்த்து வைத்த காசில் போன மாதம் பழைய கெனன் 600டி கமரா ஒன்று வாங்கினேன். அதோடு வந்த 18-55 லென்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. போன் சாதாரணமானது.

அம்மா கொழுந்து பறிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குப் பறிக்கப் போனபோது நானும் கூடவே போய் நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வெயில் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே தேயிலைப் பெட்டியில் அச்சடிக்கிற படம் மாதிரியே இருக்கிறது. பச்சை மலை, கூடை, சிரித்த முகம். வேலை செய்யும்போது அம்மா ஒருநாளும் அப்படிச் சிரிக்க மாட்டார். கமராவைக் கண்டதும் சிரித்துவிட்டார். இரண்டு படத்தை பேஸ்புக்கில் போட்டேன். "சூப்பர் இடம், எந்த ரிசோட்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்றைக்கே இரண்டையும் அழித்துவிட்டேன்.

சுற்றுலாக்காரர்கள் காட்சி பார்க்க ஏறுகிற லிப்டன் சீட் மலைக்குப் போகிற முச்சக்கர வண்டிகள் எங்கள் மலை ஓரமாகத்தான் போகும். அதில் வருகிறவர்கள் இறங்கி எடுத்துக்கொண்டு போகிற படத்துக்கும் நான் எடுத்ததுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. நான் அந்த வீட்டுப் பிள்ளை.

வீடியோ ஆர்ட் என்று இணையத்தில் தேடிப் பார்க்கிறேன். ஒன்றில் ஒரு மனிதர் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிறார், நிமிடக் கணக்கில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் என்னால் எழுந்து போக முடியவில்லை. எங்கள் லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, வைத்து அந்த மாதிரி ஒன்று செய்ய முடியுமா? அதற்கும் டொக்குமென்டரிக்கும் என்ன வித்தியாசம்? எதைப் படமாக எடுப்பது, எதை வீடியோவாக எடுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஹட்டன் ஸ்டூடியோ

தங்கச்சி, நான் 14 வருஷமாகக் கல்யாண வீட்டுக்குப் படம் பிடிக்கிறவன். கலை பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் கமரா பற்றிச் சொல்கிறேன்.

முதலில் மெனுவுக்குள் போய் வீடியோ சிஸ்டத்தை 'பால்' என்று மாற்றி, 25 பிரேம் வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை 50இல் ஒன்றில் நிறுத்துங்கள். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். போன்கள் வழக்கமாக 30 பிரேமில் எடுக்கும், அதனால்தான் லயக் காம்பராவுக்குள் டியூப் வெளிச்சத்தில் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும்.

பனிமூட்டத்தில் கமரா ஏமாந்துவிடும். வெள்ளையாக எதைக் கண்டாலும் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வையுங்கள். ஓட்டோபோகஸ் பனிக்குள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்திவிட்டுக் கையால் போகஸ் செய்யுங்கள்.

உங்கள் 600டியில் ஒரு வீடியோ 4 ஜிபி ஆனதும் தானாக நின்றுவிடும். முழு எச்.டி.யில் அது சுமார் 12 நிமிடம். திரும்ப அமுக்கினால் அடுத்தது தொடங்கும்.

முக்கியமானது: லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம் போதும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு அதற்குள் வையுங்கள். துணிப் பைக்குள், அலுமாரிக்குள் வைக்கவே வேண்டாம். எனக்கு இரண்டு லென்ஸ் அப்படித்தான் போனது.

குளிரிலிருந்து அடுப்படிக்குள் கொண்டு போகும்போது கமராவைப் பொலித்தீன் பைக்குள் கட்டிக் கொண்டு போய், கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீராவி படிந்துவிடும்.

பதில்: லயத்துக் கமரா

தங்கச்சி, ஹட்டன் தம்பி சொன்னதில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்யுங்கள். அந்தக் கடைசி விஷயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மஸ்கெலியாப் பக்கம். லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு பிரிண்ட் லேப்பில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவன். இப்போது படமும் வீடியோவும்தான் என் வேலை. காசு வருவதற்கு வேறு வேலையும் செய்கிறேன்.

"கமராவைக் கண்டதும் சிரித்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கமராவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று நம் ஆட்களுக்கு 150 வருடமாக யாராவது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கண்டியிலும் கொழும்பிலும் இருந்த ஸ்கோவன், ஸ்கீன் போன்ற வெள்ளைக்கார ஸ்டூடியோக்களும், 1890இல் தொடங்கிய பிளாட்டேயும் எடுத்த படங்கள் கப்பலில் வந்து போகிறவர்களுக்கு விற்பனையாயின. அந்தப் பழைய படங்களை இன்றைக்கும் இணையத்தில் பார்க்கலாம். ஆள் இருப்பார், கூடை இருக்கும், பெயர் இருக்காது. கீழே 'தமிழ்க் கூலி' என்றோ 'கொழுந்து பறிக்கும் பெண்' என்றோ எழுதியிருக்கும்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயம் என்று ஒரு சின்ன ஆங்கிலிக்கன் கோயில் இருக்கிறது. அங்கே ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாரின் கல்லறை உண்டு. உலகத்தில் புகைப்படம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது. 48 வயதில்தான் முதன்முதலாகக் கமராவைத் தொட்டார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். அவர்களுக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாவில் இறந்தார். அவருடைய படங்களில் போகஸ் கூர்மையாக இருக்காது. கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் முகத்தில் ஊறி இறங்கியிருப்பது படத்தில் தெரியும். நான் அந்தப் படங்களிலிருந்து கற்றுக்கொண்டது அந்தப் பொறுமையைத்தான். ஆனால் களுத்துறையில் அவர் எடுத்த ஒரு படத்துக்கு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றுதான் தலைப்பு. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் இருக்கிறது. அந்தக் கல்லறைக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். மதிப்போடுதான் போனேன், இந்தக் குறையும் மனதில் இருக்கத்தான் செய்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டொக்குமென்டரி ஒரு விஷயத்தைச் சொல்லும். குறும்படம் கதை சொல்லும். வீடியோ ஆர்ட்டில் நேரமே பொருள். சிற்பிக்குக் கல் எப்படியோ அப்படி. எவ்வளவு நேரம், யாருடைய நேரம், பார்க்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார், அவர் பாதியில் வந்தாலும் பரவாயில்லையா என்பதெல்லாம் அந்த வேலைக்குள்ளேயே வரும்.

நீங்கள் பார்த்தது அமெரிக்க வீடியோக் கலைஞர் பில் வயோலாவின் வேலையாக இருக்கலாம். தண்ணீர் அவருடைய வேலைகளில் திரும்பத் திரும்ப வரும். சின்ன வயதில் ஏரியில் மூழ்கப் போய்க் காப்பாற்றப்பட்டவர். மூன்று பெண்கள் தெருவில் சந்தித்துக்கொள்வதை, வெறும் 45 விநாடி நடந்ததை, சுமார் 10 நிமிடமாக நீட்டி 1995இல் வெனிஸில் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு நானும் என் தங்கச்சி கொழுந்து பறிக்கிற கையைப் போனில் 120 பிரேமில் எடுத்து ஐந்து மடங்கு மெதுவாக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கையில் உள்ள விஷயமே வேகம். எங்கள் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ. அந்த வேகம் இல்லாவிட்டால் 18 கிலோ வராது, வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம். நான் மெதுவாக்கியதும் அது நடனம் மாதிரி ஆகிவிட்டது. அவள் வேலையை நான் எடுத்து எறிந்துவிட்டேன். வயோலாவின் பெண்களுக்கு அந்த மெதுவான நேரம் பொருந்தியது, என் தங்கச்சியின் கைக்குப் பொருந்தவில்லை.

ஆகவே எதை எடுக்கப் போனாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த வேலைக்குச் சொந்தமான நேரம் எவ்வளவு? கூடை நிறைய எவ்வளவு நேரம்? காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட எவ்வளவு நேரம்? கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பது எவ்வளவு நேரம்? அந்த அளவைத்தான் வீடியோவுக்கு எடுத்துக்கொள்கிறேன். மாறிக்கொண்டே இருப்பதை வீடியோவாக எடுக்கிறேன். மாறாமல் இருப்பதைப் படமாக எடுக்கிறேன். அம்மாவின் விரல் வெடிப்பில் ஏறியிருக்கிற கொழுந்துக் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதற்கு ஒரு படம் போதும், வீடியோ தேவையில்லை.

இப்போது அந்த நீராவி விஷயம்.

ஒரு ஜனவரி மாதம். வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில், பையோடு கமராவை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஐந்து மணி இருக்காது, அடுப்படியில் விறகு முறிக்கிற சத்தம் கேட்டு எழுந்து கமராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெளியே அவ்வளவு குளிர், உள்ளே அடுப்புச் சூடும் கேத்தல் ஆவியும். லென்ஸ் அப்படியே வெள்ளையாகப் போய்விட்டது. சட்டையால் துடைக்கப் போனேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் "விடு, அதுவா போகும்" என்றார். என்னவோ தோன்றி, கமராவைத் தரையில் அரிசி வாளி மேல் வைத்து அமுக்கிவிட்டேன்.

முதல் ஒன்றரை நிமிடம் திரை முழுவதும் வெள்ளை. நடுவில் மங்கலாக ஒரு செம்மஞ்சள் பொட்டு, அது அடுப்பு. சத்தம் மட்டும் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ஊதுகுழல் ஊதுகிறார், மாவைத் தட்டுகிறார், பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை இருமுகிறது. அப்புறம் இடது மூலையிலிருந்து ஆவி விலக ஆரம்பிக்கிறது. முதலில் கேத்தலின் பிடி தெரிந்தது. பிறகு சுவரில் அடித்த ஆணி, அதில் தொங்குகிற, வேலைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு. பிறகு அம்மாவின் முழங்கை. நாலாவது நிமிடம் கழுத்து. முகம் முழுவதாகத் தெரிந்தபோது அம்மா ரொட்டியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருக்கிறார். தலைத்துண்டைக் கட்டுகிறார், கூடையை எடுக்கிறார், போய்விட்டார். அப்புறம் ஒரு நிமிடம் கங்கு மட்டும்.

மொத்தம் ஏழு நிமிடம் சொச்சம். ஒரு வெட்டும் போடவில்லை, நிறத்திலும் கை வைக்கவில்லை. 'அதுவா போகும்' என்றுதான் பெயர் வைத்தேன். அம்மா அதில் எந்த இடத்திலும் சிரிக்கவில்லை. அவருக்கு அங்கே கமரா இருப்பதே மறந்துவிட்டது. எத்தனையோ வருடம் அம்மாவோடு அந்த அடுப்படியில் இருந்திருக்கிறேன், அவருடைய காலை நேரம் இவ்வளவு சின்னது என்று அந்த வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் ஹட்டன் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் பொலித்தீன் பை அவசியம். உங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரு தடவையாவது பை இல்லாமல் போய்ப் பாருங்கள்.

டிஜிட்டலில் எளிதாகச் செய்யக்கூடிய இன்னொன்றையும் சொல்கிறேன், இதற்குக் காசே தேவையில்லை. லயத்துக்கு எதிரே ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், காலை ஆறு மணிக்கு 20 நாள் தொடர்ந்து ஒரு படம் எடுத்தேன். வேலிக் கம்பில் ஆணி அடித்து அதுதான் இடம் என்று குறித்துக்கொண்டேன். பிறகு ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் 20 படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். அடியில் இருப்பது நூறு சதவீதம், அடுத்தது 50, அதற்கு மேல் 33, பிறகு 25, 20 என்று இறங்கிக்கொண்டே போய் இருபதாவது 5 சதவீதம். இப்படி வைத்தால் எல்லாப் படத்துக்கும் சம பங்கு கிடைக்கும். நடமாடுகிறவர்கள் எல்லோரும் புகை மாதிரி ஆகிவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சுவர், 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்களின் கதவு வரிசை, கூரைத் தகரம் எல்லாம் கல்லில் வெட்டிய மாதிரி நிற்கிறது. ஒரே ஒருவர் மட்டும் ஆளாகத் தெரிகிறார். மூன்றாவது வீட்டுத் தாத்தா. அவர் 20 நாளும் அதே நேரம் அதே இஸ்தோப்பில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவருடைய மகள் அழுதுவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று. பச்சையைக் கூட்டாதீர்கள். நம் மலை அவ்வளவு பச்சை கிடையாது. பனி நேரம் தேயிலை நீலச் சாம்பல். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்ட, மலை வெறும் எலும்பு. ரோ பைலில் எடுத்து அந்த நிறத்தைக் காப்பாற்றுங்கள்.

ஹப்புத்தளை மழை

அண்ணே, இதை மூன்று தடவை படித்துவிட்டேன். மிகவும் நன்றி. ஹட்டன் அண்ணனுக்கும் நன்றி, 'பால்' மாற்றியதும் பட்டை போய்விட்டது.

இரண்டு சந்தேகம். மலையில் வைத்து எடுத்தால் தோட்டத்து ஆட்கள் ஏதும் சொல்வார்களா? இங்கே சுற்றுலாக்காரர்கள் எடுக்கிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. நான் எடுத்தபோது வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை இரண்டு தடவை வந்து "எதுக்கு?" என்று கேட்டார். மற்றது, இப்படி ஒன்று செய்தாலும் எங்கே காட்டுவது? பதுளையிலோ பண்டாரவளையிலோ எனக்குத் தெரிந்து வீடியோ காட்டுகிற கலைக்கூடம் இல்லை.

பதில்: கொட்டகலை டீச்சர்

நான் கலைஞர் இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மா 31 வருடம் கொழுந்து பறித்தவர். அனுமதி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

சில வருடத்துக்கு முன் எங்கள் அம்மாவின் படம் ஒரு கலண்டரில் வந்தது. யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சித்தப்பா நுவரெலியாவில் ஒரு கடையில் கண்டு கொண்டு வந்து கொடுத்தார். ஏப்ரல் மாதத்துக்கு அம்மா. நல்ல படம்தான். நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அம்மா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கால்ல செருப்பு இல்லாம எடுத்துட்டாங்களே" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குப் பிறகு அந்தக் கலண்டரைச் சுவரில் மாட்ட விடவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கேட்டிருந்தால் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றிருப்பார். அட்டைக்கும் சேற்றுக்கும் செருப்புத் தோதில்லை என்று கழற்றி வரப்பில் வைத்திருந்தாராம்.

அதனால் தங்கச்சி, தோட்டத்துத் துரையிடம் கேட்பதற்கு முன்னால் எடுக்கப்படுகிறவரிடம் கேளுங்கள். அம்மாவாகவே இருந்தாலும் கேளுங்கள். எடுத்த பிறகு காட்டுங்கள். "வேண்டாம்" என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். மற்றப் பெண்களும் படத்தில் விழுவார்கள், அவர்களிடமும் கேளுங்கள். வயதானவர்கள் உங்களுக்காக "சரி பிள்ளை" என்றுதான் சொல்வார்கள், அதனால் மறுநாள் ஒருமுறை திரும்பக் கேட்பது நல்லது. முதல் நாள் சரி என்றவர் இரண்டாம் நாள் தயங்கினால், அந்தத் தயக்கத்தைத்தான் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதில்: லயத்துக் கமரா

டீச்சர், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்கள் அம்மாவின் வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

தங்கச்சி, தோட்டத்து அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மலை, ஸ்டோர், கொழுந்து நிறுக்கிற மடுவம் எல்லாம் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் வாய்வார்த்தையை நம்பிப் போய், நிறுக்கிற இடத்தில் எடுத்த முழு மெமரி கார்டையும் அழிக்கச் சொல்லிவிட்டார்கள். அழித்தேன். எனக்கு வந்த நஷ்டத்தை விட, அன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டிருந்த மூன்று பெண்களை மறுநாள் கூப்பிட்டு விசாரித்ததுதான் பெரிய வேதனை. நாம் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம், அவர்கள் அடுத்த நாளும் அங்கேதான் பேர் போட வேண்டும். அதனால் சந்தேகம் இருந்தால் மலையை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் நடப்பதே ஒரு ஆயுளுக்குப் போதும்.

எங்கே காட்டுவது என்பதற்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் சொந்தத் தங்கச்சி பறிக்கிற ஒரு கூடை நிறைகிற வரைக்கும், அனுமதி வாங்கி, கமராவைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையின் உயரத்தில் நிறுத்தி எடுத்தேன். 43 நிமிடம். முகம் வராது. கூடையின் வாய், இரண்டு கை, பின்னால் பனி. கை வந்து கொழுந்தைப் போட்டுவிட்டுப் போகும். என் கமராவும் இடையிடையே நின்றுவிடுகிற வகைதான். நிற்கிற இடத்தில் திரை இரண்டு விநாடி கறுப்பாகும். அதை ஒட்டி மறைக்காமல் அப்படியே விட்டேன். 'அரைப் பேர்' என்று பெயர்.

கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு எடுத்தார்கள். மூன்று நிமிடமாகக் குறைத்துத் தரச் சொன்னார்கள். குறைத்துக் கொடுத்தேன். அது நான் செய்த பிழை. கூடை மூன்று நிமிடத்தில் நிறைந்துவிட்டது. பார்த்தவர்கள் நல்லது என்றார்கள், அடுத்த சுவருக்குப் போனார்கள்.

அடுத்த மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. விடிய விடிய எல்லோரும் முழித்திருக்கிற ராத்திரி. தலைவரிடமும் கோயில் கமிட்டியிடமும் கேட்டு, முதல் நாள் சாயங்காலம் ஒரு பழைய ப்ரொஜெக்டரை இரவல் வாங்கி, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மேட்டு லயத்துச் சுவரில் 43 நிமிடத்தையும் போட்டேன். கூடை ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் போகவில்லை. நானும் பேசாமல் ஓரமாக நின்றேன். ஐந்தாவது நிமிடம் ஒரு பாட்டி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய், திரையில் விழுந்த ஒரு இலையைத் தொட்டுக் காட்டி, "இது முத்தல். இத ஏன் பறிச்ச?" என்று தங்கச்சியைக் கேட்டார். அவள் "மேகாட்டுல ஒண்ணு ரெண்டு வந்துரும் ஆயா" என்றாள். அதற்குப் பிறகு எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வலது கை ஏன் பின்தங்குகிறது, செடி மட்டம் பார்க்கிற மட்டக்கம்பு எங்கே, அந்த மலை எந்த வருடம் கவ்வாத்து வெட்டினது, இப்போது கூடையில் எத்தனை கிலோ இருக்கும் என்று பந்தயம்கூட. ஒருவர் நாலரை என்றார், ஒருவர் ஆறு என்றார். ஐந்தே கால். அதை நான் எழுதி வைத்திருந்தேன்.

அவர்களுக்கு அந்த 43 நிமிடம் நீளமாகவே இல்லை. ஒவ்வொரு கொழுந்தும் அவர்களுக்கு ஒரு செய்தி. என் வேலையை முழுதாகப் படித்த முதல் ஆட்கள் அவர்கள்தான். அன்றைக்கிலிருந்து எதைச் செய்தாலும் முதலில் லயத்துச் சுவரில்தான் காட்டுகிறேன். உங்கள் லயத்திலும் சுவர் இருக்கிறது. ப்ரொஜெக்டர் கிடைக்காவிட்டால் யாராவது ஒருவர் வீட்டு டீவியில் பென்டிரைவைப் போட்டு, டீவியைத் தூக்கி இஸ்தோப்பில் வையுங்கள்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்றும் அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய படங்களில் ஆள் இருக்கிறார், பேர் இல்லை என்று சொன்னேன். அதனால் நான் கடைசித் திரையில் எடுக்கப்பட்டவரின் பெயரை அவர் சொல்கிறபடி, அவர் சொல்கிற எழுத்தில் போடுகிறேன். என் பெயர் அதற்குக் கீழே சின்னதாக வரும். வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குப் போடுவதில்லை, அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஹப்புத்தளை மழை

எல்லோருக்கும் ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.

டீச்சர் சொன்ன மாதிரி அம்மாவிடம் கேட்டேன். "என்னைய எடுத்து என்னா பண்ணப் போற?" என்றார். மறுநாளும் கேட்டேன். "சரி எடு, ஆனா மலையில வேணாம்" என்றார். சாயங்காலம் வேலை விட்டு வந்து கால் கழுவுகிற இடத்தில் எடுக்கலாம் என்று அவரேதான் இடம் சொன்னார். தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. கமராவைக் கவிழ்த்த வாளியின் மேல் வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் இரண்டு நிமிடம் அம்மா கமராவைப் பார்த்துப் பார்த்துக் கழுவினார். அப்புறம் அட்டை கடித்த இடத்தைத் தேட ஆரம்பித்தார், அதோடு கமராவை மறந்துவிட்டார். சுண்ணாம்பு தடவினார். கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பனி இறங்கிப் பின்னால் இருந்த லயம் போய்விட்டது. பன்னிரண்டாவது நிமிடம் கமரா தானாக நின்றது. நான் திரும்ப அமுக்கவில்லை.

ராத்திரி கமராத் திரையிலேயே முழுதும் பார்த்தார். அழிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "செக்ரோல்ல (தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டில்) என் பேரத் தப்பா எழுதியிருக்காங்க. ஐடென்டிட்டியிலயும் அதே தப்பு. நீயாவது சரியா எழுது" என்றார்.

கொப்பி ஒன்றைக் கொடுத்து அம்மாவையே எழுதச் சொன்னேன். கஷ்டப்பட்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அந்தக் கையெழுத்தையே படம் எடுத்துக் கடைசியில் வைத்திருக்கிறேன்.